சவ்வு கற்றுக்கொண்டது

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதன்முதலாக எடை மாட்டாத வெறும் இரும்புப் பாரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கீழே உட்காரப் போன அன்று, ஹெப்சிபாவின் இடுப்பு அவளைக் கேட்காமலேயே எழுந்து நின்றுவிட்டது. பார் கையிலிருந்து நழுவிப் பின்னால் விழுந்தது. சத்துவாச்சாரி பளுதூக்கும் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதே இடம். தொடை தரைக்கு இணையாக வந்து, அதற்கும் சற்றுக் கீழே இறங்கும்போது, இடுப்புக்குள் யாரோ விரலால் சுண்டியது போல ஒரு தட்டல். உடனே தொடைத் தசைகள் தாமாக நிமிர்ந்தன. வலியே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வலித்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருப்பாள். இது வலி இல்லை, மறுப்பு.

ஸ்நாட்ச் என்பது ஒரே இழுப்பில் பாரைத் தலைக்கு மேலே கொண்டுபோய், அதே நொடியில் அதன் அடியில் முழுதாகக் குந்தி உட்கார்ந்து எழுவது. குந்த முடியாதவளுக்கு ஸ்நாட்ச் இல்லை.

அதற்கு முந்தைய ஒரு வருடம் அவளுக்கு வலி இருந்தது. தொடை இடுக்கில் தொடங்கி உள்ளே ஆழமாகப் போகும் வலி. ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடும்போது, வேலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் உட்கார்ந்து போகும்போது, சாக்ஸ் போடக் குனியும்போது. தசைப்பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுடைய கோச் லோகநாயகிதான் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் சபீஹாவிடம் காட்டினாள்.

டாக்டர் தன் இடது கையைக் குழித்து, வலது கை முஷ்டியை அதற்குள் வைத்துக் காட்டினார்.

"தொடை எலும்போட தலை பந்து மாதிரி. இது கிண்ணம். உனக்கு அந்தப் பந்துக்குக் கீழ கழுத்துல கொஞ்சம் எலும்பு கூடுதலா மேடு கட்டியிருக்கு. வளர்ற வயசுலேருந்து கடுமையா பயிற்சி பண்றவங்ககிட்ட இதை நெறைய பாக்கறோம். நீ ஆழமா உக்காரும்போது அந்த மேடு கிண்ணத்தோட விளிம்புல போய் இடிக்குது. இடிச்சு இடிச்சு விளிம்பு கிழிஞ்சிருக்கு."

சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, மேட்டைச் செதுக்கி, கிழிந்த விளிம்பைத் தைத்துவிடலாம் என்றார். அது புதிதல்ல. பல வருடங்களாகச் செய்வதுதான். ஆனால் இளம் வயதுக்காரர்கள் வலி போனதும் பழைய ஆட்டத்துக்கே போய் மறுபடி கிழித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் இப்போது தைத்த விளிம்பின் மேல் ஒரு சவ்வை ஒட்டிப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி என்பதால் செலவில்லை.

"மூட்டுல அழுத்தம் எப்படி ஏறுதுன்னு சவ்வு பாத்துக்கிட்டே இருக்கும். இடிக்கப் போகுதுன்னா, அதுக்கு முன்னாடியே தசையை ஒரு தட்டு தட்டும். தினமும் கத்துக்கிட்டதை எங்க கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எல்லாரோட சவ்வும் எல்லார்கிட்டேருந்தும் கத்துக்கும். ஒருத்தர் பட்ட அடியை இன்னொருத்தர் பட வேண்டாம், அதுக்குத்தான்."

கடைசி வாக்கியங்களை ஹெப்சிபா சரியாகக் கேட்கவில்லை. எப்போது மறுபடி தூக்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

வலி போனது உண்மை. ஆனால் சவ்வு அவளை ஓர் இடத்தில் இருக்க விடவில்லை. நாற்காலியில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் தட்டியது. எழுந்து நின்றாள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள். தரையில் சம்மணம் போட்டால் கால் தானாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையில் ஷூ தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மா சுகந்தி, வீட்டுக்குள் பெண் இப்படி அலைவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள். ஒன்று நில், இல்லை உட்கார் என்று சொன்னாள். இரண்டும் தன் கையில் இல்லை என்று ஹெப்சிபா சொன்னதை அவள் நம்பவில்லை.

ஜனவரியில் மாநிலப் போட்டி. அதில் மெடல் வாங்கினால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். சுகந்திக்கு ஊசிக்கண்ணே தெரியாத அளவுக்குப் பார்வை மங்கிவிட்டது. மேற்பார்வையாளர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஹெப்சிபாவுக்கு இருபத்திரண்டு வயது. பளு தூக்குவதைத் தவிர வேறெதிலும் அவள் முதல் வரிசையில் நின்றதில்லை.

செப்டம்பரில் தனியாகக் கிளம்பிச் சென்னைக்குப் போய் டாக்டர் முன்னால் நின்றாள். தட்டலைக் குறைக்கச் சொன்னாள்.

டாக்டர் சபீஹா பொறுமையாகத்தான் பேசினார். இந்த மூட்டு அறுபத்தைந்து வயது வரை ஓட வேண்டும் என்றார். மெடல் வாங்குகிற வயது நாலைந்து வருடம், நடக்க வேண்டிய வயது அதற்கு மேல் நாற்பது என்றார்.

"நாப்பது வருஷம் நடந்து எங்க போறது மேடம்?" என்றாள் ஹெப்சிபா. "இந்த நாலு வருஷம் இல்லன்னா எனக்கு அந்த நாப்பதுல என்ன இருக்கு? என் இடுப்பு எனக்குத்தான சொந்தம்?"

 டாக்டர் கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். சரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அவசரப்படாதே என்றார்.

வெளியே காத்திருப்புக் கூடத்தில் மருந்துக்காக நின்றபோதுதான் வேடியப்பனைப் பார்த்தாள். அங்கே இருந்த முக்கால்வாசிப் பேர் சவ்வுக்காரர்கள். எல்லோருமே இளம் வயது. ஒருவரும் ஓரிடத்தில் இல்லை. எழுந்தார்கள், நடந்தார்கள், ஒரு காலில் நின்றார்கள், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். புதிதாக வந்தவர்கள் பார்த்தால் ஏதோ கெட்ட செய்திக்குக் காத்திருக்கும் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். அதற்கு நடுவில் ஒருவன் மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றித் தரையில் குந்தி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராகப் போய், சவ்வு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"வெச்சிக்கினுதான் கீறேன்," என்றான். போளூர்ப் பக்கத்துக்காரன். பூந்தமல்லியில் தங்கி, கட்டுகிற அடுக்குமாடிகளில் டைல்ஸ் ஒட்டுகிறான். வயது முப்பதை நெருங்கியிருக்கும். நாளெல்லாம் குந்தினால்தான் வேலை. ஆரம்பத்தில் சவ்வு தட்டித் தட்டி அவனைக் கவிழ்த்தே விட்டதாம். ஒட்டிய டைல்ஸ் மேலேயே விழுந்தானாம்.

"அப்புறம் எப்படிண்ணா உக்கார்றீங்க?"

"அது தட்டும், நான் உக்காருவேன். மறுபடி தட்டும், மறுபடி உக்காருவேன். எத்தினி நாளுக்கு தட்டும் சொல்லு. இப்பல்லாம் ஈ உக்காந்தா மாதிரிதான்." அவன் டீயை முடித்துவிட்டு எழுந்தான். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதை ஹெப்சிபா கவனித்தாள். கவனித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் டாக்டர் சொன்னபடியே நடந்தது. அக்டோபரில் தட்டல் லேசானது. நவம்பரில் ஒரு விரற்கடை கீழே இறங்கினாள். பிறகு இன்னொரு விரற்கடை. லோகநாயகி பக்கத்தில் நின்று அவள் முழங்காலையும் முதுகையும் பார்த்து, இறங்கு, இன்னும் இறங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டிசம்பரில் ஒரு காலையில் ஹெப்சிபா பாரைத் தூக்கி அடியில் போய் முழுசாகக் குந்தினாள். உள்ளே ஈ உட்கார்ந்த அளவுக்குத்தான் தட்டல். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அன்று முதல் எடையை ஏற்றினாள். பொங்கல் விடுமுறையில் கூடம் மூடியிருந்தபோதுகூட லோகநாயகியிடம் சாவி வாங்கித் திறந்து தூக்கினாள். அவ்வளவு எடையை அதற்கு முன் அவள் தொட்டதில்லை.

மாநிலப் போட்டியில் அவளுக்கு வெள்ளி. பேப்பரில் படம் வந்தது. ரயில்வே தேர்வுக்கு ஏப்ரலில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. சுகந்தி தொழிற்சாலைக்கு இனிப்பு கொண்டுபோனாள்.

மார்ச் முதல் வாரம் டாக்டர் சபீஹா கூப்பிட்டு அனுப்பினார். ஹெப்சிபா நன்றி சொல்லும் எண்ணத்தில் போனாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே டாக்டர், உட்கார் என்றார். அவள் உட்கார்ந்தாள். டாக்டர் அதைக் கவனித்தார். முன்பெல்லாம் அவள் அந்த அறையில் நின்றுகொண்டேதான் பேசுவாள்.

"அன்னிக்கு உனக்கு நான் எதையும் குறைக்கல, ஹெப்சி. உன்னைச் சமாதானப்படுத்தறதுக்காக அப்படிச் சொன்னேன். நாள் போனா நீயே பழகிக்குவேன்னு நெனச்சேன்."

ஹெப்சிபாவுக்குப் புரியவில்லை. அப்படியென்றால் தட்டல் ஏன் நின்றது என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் நின்னிருக்கு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். தைச்ச விளிம்பு மறுபடி கிழிஞ்சு ஏழெட்டுப் பேர் வந்துட்டாங்க. ஒருத்தருக்குக் குருத்தெலும்பே தேஞ்சு போச்சு." டாக்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினார். "யாரோ ஒருத்தர் தட்டத் தட்ட விடாம உக்காந்திருக்கார், நாள் முழுக்க, மாசக்கணக்கா. மனுஷங்க இப்படித்தான் உக்காருவாங்க போலிருக்கு, இங்க தட்ட வேண்டியதில்லன்னு சவ்வு கத்துக்கிச்சு. கத்துக்கிட்டதை எல்லாருக்கும் சொல்லிடுச்சு. அப்புறம் வேற யாரோ பெரிய எடையோட அதே ஆழத்துக்குப் போயிருக்காங்க. எடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழுத்தமா அது கத்துக்கும். அதோட மொத்தமா அடங்கிடுச்சு."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. இரண்டு பேரையும் ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

எல்லாச் சவ்வுகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். வற்புறுத்த முடியாது. சம்மதித்தால் ஏப்ரல் தேர்வில் அவளால் குந்த முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

ஹெப்சிபா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வேலூர் பேருந்துக்குப் போகாமல் பூந்தமல்லிப் பேருந்தில் ஏறினாள். இரண்டு மூன்று கட்டடங்களில் விசாரித்து அவனைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நாலாவது மாடியில், கதவு வைக்காத ஒரு வீட்டின் கூடத்தில், வேடியப்பன் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். முகம் மெலிந்திருந்தது. இப்போது அவனாலும் முழுசாகக் குந்த முடியவில்லை.

அவனையும் டாக்டர் கூப்பிட்டிருந்தார். தேய்ந்துபோன மூட்டு அவனுடையதுதான்.

"உங்களுக்கு வலி வந்தப்பவே போய்க் காட்டியிருக்கலாமேண்ணா," என்றாள்.

"வலி வர்ற வரைக்கும் ஒண்ணுந் தெரியலம்மா. அதான் சமாச்சாரம்." அவன் ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தான். "முன்னெல்லாம் ஈ மாதிரி தட்டிக்கினாவது இருந்துச்சு. ரொம்பத் தட்டினா அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னுக்கினு வேலை செய்வேன். பொங்கலுக்கு அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சிக்கினேன். கூட ரெண்டு வீடு ஒத்துக்கினேன். குந்துனா எழறதே இல்ல."

பொங்கல். மூடிய கூடத்தைத் திறந்து தூக்கிய நாட்கள்.  வரும் வழியெல்லாம் அவனுக்குத் தான் ஒரு கடன் பட்டிருப்பதாக ஹெப்சிபா நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் பிடிவாதத்தால் கிடைத்த ஆழத்தில் தான் மெடல் வாங்கியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அவனுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையை அடக்கியது தன்னுடைய எடை என்பது அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதை, தான் தூக்கியதை, எந்த நாட்களில் தூக்கினாள் என்பதை. சொல்லும்போது உட்காரத் தோன்றவில்லை. ஒட்டி முடித்த பகுதியை மிதிக்காமல் சுவரோரமாக அங்குமிங்கும் நடந்துகொண்டே சொன்னாள்.

வேடியப்பன் அடுத்த டைலை எடுக்கவில்லை. கலவை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ என் கால்ல குந்தி நீ எழுந்திருச்சிக்கீற," என்றான் கடைசியில். "உன் கால்ல குந்தி நான் டைல்ஸ் ஒட்டிக்கீறேன்."

"மன்னிச்சிடுங்கண்ணா."

"நீ இன்னா தெரிஞ்சா செஞ்ச? நான் மட்டும் தெரிஞ்சா செஞ்சேன்?" அவன் குரலில் கோபம் இல்லை. ஆனால் அவளைப் பார்க்கவும் இல்லை. "எனக்கு இரும்பு மூட்டு வெக்கணும்னுட்டாங்க. என் கணக்கு முடிஞ்சிருச்சு. உன்னுது இன்னும் நல்லாத்தான கீது. நீ பாத்துக்க."

எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. அவன் ரசமட்டத்தை எடுத்து டைல்ஸ் மேல் வைத்து, குமிழி நடுவுக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்தான்.

வேலூர் திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. காஞ்சிபுரம் பிரிவு தாண்டியது. திடீரென்று அவளுக்குத் தெரிந்தது, ஏறியதிலிருந்து தான் ஒருமுறைகூட அசையவில்லை. கால்கள் மரக்கட்டை போல அமைதியாக இருந்தன. அந்த அமைதிக்குள்ளே இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது, எது எதோடு உரசிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எந்த வழியும் இல்லை. எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், இறங்கப் போகிறாயா என்று கேட்டு நகர்ந்து வழிவிட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலூர் வரை நின்றே வந்தாள்.

மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்து சம்மதம் சொன்னாள். ஏப்ரல் தேர்வுக்குப் போனாள். கைகளும் தோளும் எதிலும் குறை வைக்கவில்லை. மூன்று முறை பார் தலைக்கு மேல் போனது. மூன்று முறையும் இடுப்பு நிமிர்ந்துகொண்டது. லோகநாயகி அவள் பையைத் தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.  ஜூனில் ஹெப்சிபா அம்மாவின் தொழிற்சாலையிலேயே முடிந்த ஷூக்களைத் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தாள். நின்றுகொண்டே செய்யும் வேலை. சுகந்தி வேலையை விட்டாள். வேடியப்பனுக்கு மழைக்காலத்துக்கு முன்பே மூட்டு மாற்றிவிட்டார்கள். இப்போது மிஷின் முன் நின்று டைல்ஸ் வெட்டிக் கொடுக்கிறான், ஒட்டுவதற்கு வேறு ஆட்கள்.

நவம்பரில் டாக்டர் சபீஹா மறுபடி கூப்பிட்டார். ஹெப்சிபா அறைக்குள் நுழைந்ததுமே, மறைக்காமல் சொல், மறுபடி தூக்குகிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். டாக்டர் அதை நம்பினார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நம்பியதில் அவருக்கு நிம்மதி எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

"சவ்வு மறுபடி இளகுது," என்றார். "மெதுவா, ஆனா இளகுது. போன தடவை நாள் முழுக்க உக்காந்தவருக்கு இப்ப சவ்வே இல்ல. நீயும் தூக்கல. அப்ப யாருன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டேன்."

கேட்டதில் ஒருவரும் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை. ஒருத்தி கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தரையில் குந்துகிறாள். ஒருவன் வீட்டில் இருப்பது குந்துகிற கழிப்பறை. ஒருவன் கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிட ஆசைப்பட்டு, தட்டத் தட்ட மடித்து உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தி நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து பூ கட்டி விற்கிறாள்.

"என் தம்பிக்கும் நான்தான் வெச்சேன்," என்றார் டாக்டர். "நாற்காலியில உக்காந்து தொழுடான்னு சொல்லியிருந்தேன். சரின்னான். அஞ்சு வேளையும் தரையிலதான் உக்காந்திருக்கான். எங்கிட்ட சொல்லல." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாற்காலியில பொறந்து நாற்காலியில வளந்தவங்க யாரோ போட்ட அளவு இது. நான் அதை அப்படியே வாங்கி வெச்சிருக்கேன். எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் கீழ எறங்கப் பாக்கறாங்க. அவ்வளவுதான்."

"மறுபடியும் பூட்டப் போறீங்களா மேடம்?"

"பூட்டினா மறுபடி திறப்பாங்க. பூட்டலைன்னா கிழிச்சுக்குவாங்க. எதுவரைக்கும் எறங்கலாம்னு எனக்கே தெரியல."

ஹெப்சிபா செருப்பைக் கழற்றினாள். மேசைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் கால்களை அகட்டி, பாதங்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பத்து வருடம் எடையோடு செய்ததை எடை இல்லாமல் செய்தாள். தட்டியது. அவள் மேலேயும் போகவில்லை, கீழேயும் அழுத்தவில்லை. பாதத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாள், முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். தட்டல் நின்றது. அங்கிருந்து ஒரு நூல் இறங்கினாள். தட்டியது. அங்கேயே நின்றாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்டார் டாக்டர்.

"எதுவரைக்கும் எறங்கலாம்னு சவ்வுக்குச் சொல்லிக் குடுக்கறேன் மேடம்," என்றாள் ஹெப்சிபா. தொடைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

நாளைக் காலை யார் யாரோ கண் விழித்து, எங்கெங்கோ தரையில் உட்காரப் போவார்கள். ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. டாக்டர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். அவள் இன்னும் நிமிரவில்லை.